கரையா, அக்கரையா?



குமரிக் கரையிலும், இடிந்தகரை, உவரி, பெரியதாழை, மணப்பாடு வழியாகத் தூத்துக்குடி வரை நீளும் நம் கரையிலும், எந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும் இன்று ஒரே கேள்வி காதில் விழுகிறது. "பையனைத் தகப்பனோடு வள்ளத்தில் விடுவதா, அல்லது வளைகுடாவுக்கு அனுப்புவதா?" ஏலம் முடிந்த மணலில் ஆண்கள் இதைப் பேசுகிறார்கள். மீன் கடகத்தை இறக்கி வைத்துவிட்டுப் பெண்கள் இதைப் பேசுகிறார்கள். பூசை முடிந்து கோவில் முற்றத்தில் நிற்கும்போதும் இதே பேச்சுத்தான்.

இதற்கு நம்மவர்களிடம் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன. "ஊரை விட்டுப் போகிறவன் பணத்தாசை பிடித்தவன்" என்பார் ஒருவர். "இந்தக் கடலையே நம்பிக் கிடக்கிறவன் பிழைக்கத் தெரியாதவன்" என்பார் மற்றொருவர். இரண்டும் அவசரத் தீர்ப்புகள். இரண்டிலும் அயலானைக் குறைசொல்லும் குணம் இருக்கிறதே தவிர, நிறுத்துப் பார்க்கும் பொறுமை இல்லை. மீன் நிறுக்கிற தராசில் கள்ளம் இருந்தால் நமக்குக் கோபம் வருகிறதல்லவா? அப்படியிருக்க, ஒரு மனிதனுடைய வாழ்நாளை நிறுக்கும்போது எவ்வளவு நேர்மை வேண்டும்! ஆகையால் இரு தட்டிலும் உள்ளதை உள்ளபடி வைத்துப் பார்ப்போம்.

போவது பாவமா?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுவோம். ஊரை விட்டுப் போவது தன்னில்தானே பாவமல்ல. கடல் தாண்டிப் போயாவது பொருள் தேடும்படி ஔவையார் நம் முன்னோருக்குப் புத்தி சொன்னார். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் போய் வியாபாரம் செய்து, அங்கேயே வேர்விட்ட பரதர் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்துச் சுறா மீனவர்கள் கொச்சியைத் தளமாக வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் ஆழ்கடலில் தொழில் செய்கிறார்கள். 1542-ஆம் ஆண்டு நம் கரைக்கு வந்த அர்ச். சவேரியார், நவார் நாட்டில் பிறந்து, 1552-ஆம் ஆண்டு சீனக் கரையோரத் தீவொன்றில் உயிர்விட்டவர். வீட்டை விட்டுப் புறப்பட்ட ஒருவரால்தான் நம் வீடுகளில் செபம் வேரூன்றியது.

எல்லாவற்றிற்கும் மேலாகத் திருக்குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அர்ச். சூசையப்பர் பாலனையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குப் போனார். அந்நிய மொழி பேசும் ஊரில் தச்சு வேலை தேடினவரைப் பணத்தாசைக்காரர் என்று யார் சொல்வார்? பாப்பானவர் 12-ஆம் பத்திநாதர் 1952-ஆம் ஆண்டு ஆகஸ்டு 1-ஆம் தேதி வெளியிட்ட சாசனத்தில், ஊர்விட்டு ஊர்போகும் எல்லாக் குடும்பங்களுக்கும் இந்தத் திருக்குடும்பத்தையே மாதிரியாகக் காட்டினார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். குடும்பத்தைக் காப்பாற்றச் சூசையப்பர் போனார், குடும்பத்தோடு போனார், ஆபத்து நீங்கினதும் திரும்பினார். போனதற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்கு ஒரு முடிவும் இருந்தது. இந்த இரண்டும் நம் பயணங்களில் இருக்கின்றனவா என்பதையே நாம் கேட்கவேண்டும்.

இக்கரைத் தட்டு

நம் கரையில் உள்ள நன்மை என்ன? நம் தொழில் பெரும்பாலும் கூலித்தொழில் அல்ல, பங்குத்தொழில். வள்ளத்துக்கும் வலைக்கும் என்ஜினுக்கும் உரியது போக, மீதியைக் கூடப் போனவர்கள் பங்கிட்டுக்கொள்கிறார்கள். மீன் பட்டால் எல்லோருக்கும் பட்டது. படாவிட்டால் எல்லோரும் வெறுங்கை. யாருக்கும் யாரும் அடிமை இல்லை. கரையில் காத்து நிற்கும் கைம்பெண்ணுக்குக் கறிக்கு ஒரு கை மீன் போடாமல் போவதற்கு இன்னும் நம்மவர்களுக்கு மனம் வருவதில்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. அதை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தவன் நம் மீனவன். நீரோட்டம் பார்த்து வலை விடுகிறான். தூரத்து மலையையும் கோவில் கோபுரத்தையும் அடையாளமாக வைத்து, கடலுக்கடியில் மறைந்திருக்கும் பாரைக் கண்டுபிடிக்கிறான். இன்று படகுகளில் கருவிகள் வந்துவிட்டன என்பது மெய்யே. ஆயினும் கருவி இடத்தைக் காட்டுமே தவிர, கடலின் குணத்தைச் சொல்லாது. இந்தப் படிப்பு எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை. தகப்பன் அணியத்தில் நிற்க, மகன் பக்கத்தில் நின்றே கற்கவேண்டும். தகப்பன் வளைகுடாவிலும் மகன் கரையிலும் இருந்தால், இரண்டே தலைமுறையில் இது அற்றுப்போகும்.

சரி, மறுபக்கத்தை மறைக்கலாமா? கூடாது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் தேதி கடல் ஊருக்குள் வந்து, குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி போன்ற ஊர்களில் செய்த அழிவை நாம் மறக்கவில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் வீசியபோது, முன்னமே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. பல வீடுகளில் அடக்கம் செய்ய உடலும் கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட வீட்டுத் தாய் ஒருத்தி, "இருக்கிற ஒரு பிள்ளையையும் இந்தக் கடலுக்குக் கொடுக்கமாட்டேன்" என்று சொன்னால், அவளுக்கு எதிராக நியாயம் பேச நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

தினசரிச் சங்கடங்களும் உண்டு. மீன்வளம் பெருகும்படி கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும், 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தடை நல்லதே; ஆனால் அந்த நாட்களில் வயிற்றுக்குத் தடை போட முடியுமா? வலைக்கும் என்ஜினுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே அவரிடம் கொடுக்கவேண்டியிருக்கிறது. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தின் முகவாயில் மணல் சேர்ந்து, வீட்டு வாசலுக்கு வந்துவிட்டவர்களே படகு கவிழ்ந்து மாண்டார்கள். ஆகவே, கரையில் இருப்பது சுலபமான வாழ்வு என்று யாரும் போகிறவனுக்குப் பிரசங்கம் செய்யவேண்டாம்.

அக்கரைத் தட்டு

சவூதி, பகரைன், கத்தார், ஈரான் என்று போன நம்மவர்கள் அனுப்பிய பணத்தால் ஓலை வீடுகள் காரை வீடுகளாயின. பெண் பிள்ளைகள் நர்சுகளாகவும் ஆசிரியைகளாகவும் ஆனார்கள். தகப்பனுடைய ஆஸ்பத்திரிச் செலவும் தங்கையின் படிப்புச் செலவும் நிறைவேறின. அந்நிய வெயிலில் நின்று, தன் வாய்க்கு மறுத்து, வீட்டுக்கு அனுப்புகிறவனின் தியாகத்தைச் சர்வேசுரன் அறிவார். அதைக் குறைத்துப் பேசுவது நன்றிகெட்ட செயல்.

ஆனால் நம்மவர்களில் பலர் அங்கேயும் போவது மீன்பிடிக்கத்தான் என்பதை நினைவில் வையுங்கள். அதே கடல், அதே காற்று, அதே ஆபத்து. படகு மட்டும் அந்நியனுடையது. பல லாஞ்சுகளில் மாதச் சம்பளம் கிடையாது. டீசலும் சாப்பாடும் கழித்து, முதலாளியின் பங்கும் போக மிஞ்சினதுதான் தொழிலாளிக்கு. தங்கும் உரிமை முதலாளியோடு கட்டப்பட்டிருப்பது அந்நாடுகளின் பழைய முறை. கஃபாலா என்று அதற்குப் பெயர். 2020-ல் கத்தாரும், 2021-ல் சவூதியும் இந்தக் கட்டைத் தளர்த்தத் தொடங்கின. ஆயினும் முதலாளியின் படகில் ஏறி, முதலாளி கொடுத்த அறையில் தூங்குகிறவனுக்கு, நல்ல முதலாளி வாய்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததே. அங்கே கடலும் குறுகியது; எல்லைகள் நெருக்கமானவை. மீனைத் துரத்திப் போய் எல்லை தாண்டினதாகப் பிடிபட்டுச் சிறையில் கிடந்த நம் கரைப் பிள்ளைகள் உண்டு.

மேலும், அந்நாடுகள் நம்மை வேலைக்கு அழைக்கின்றனவே தவிர, குடியிருக்க அழைப்பதில்லை. இருபது வருஷம் உழைத்தாலும் சாதாரணத் தொழிலாளிக்கு அங்கே குடியுரிமை இல்லை. மனைவி மக்களை அழைத்துக்கொள்ளப் போதிய சம்பளமும் பெரும்பாலோருக்கு இல்லை. 1990-ஆம் ஆண்டு ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது, ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு விமானம் ஏறினார்கள். 2020-ஆம் ஆண்டு கொரோனாக் காலத்தில் வேலை நின்று ஈரானில் மாட்டிக்கொண்ட மீனவர்கள் உட்பட 687 பேரை, ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் ஏற்றி, ஜூலை 1-ஆம் தேதி தூத்துக்குடியில் கொண்டுவந்து சேர்த்தது. இன்றோ நாளையோ அங்கே போனவன் திரும்பித்தான் ஆகவேண்டும். திரும்பும்போது கால் ஊன்ற இந்தக் கரை இருக்கவேண்டும்.

ஆத்தும காரியத்தையும் தட்டில் வைப்போம். பகரைனில் 1939-ஆம் ஆண்டிலேயே கோவில் எழும்பிற்று. 2021-ல் அங்கே பெரிய கதீட்ரலும் அபிஷேகம் செய்யப்பட்டது. கத்தாரில் 2008 முதல் செபமாலை மாதா கோவில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பூசைக்குத் திரளும் மக்கள் கூட்டத்தைக் கண்டவர்கள் அவர்களுடைய பக்தியை மெச்சுகிறார்கள். ஆனால் சவூதியில் கோவிலே கிடையாது. அங்கே வேலை செய்கிறவன் பூசையும் பாவசங்கீர்த்தனமும் இல்லாமல், தன் உள்ளத்தில் மட்டும் செபத்தை வைத்துக்கொண்டு வருஷங்களைக் கழிக்கவேண்டும். சிலருக்கு அது விசுவாசத்தை ஆழப்படுத்தியிருக்கிறது. சிலருக்கு அது கொஞ்சங்கொஞ்சமாக வறண்டும் போயிருக்கிறது.

எழுதப்படாத கணக்கு

இதுவரை பார்த்தவை எல்லோர் வாயிலும் அடிபடுகிற விஷயங்கள். ஒருவரும் எழுதிப் பார்க்காத கணக்கு ஒன்று இருக்கிறது. உதாரணத்துக்கு, சூசை என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். கலியாணமான கையோடு 25 வயதில் போகிறார். 45 வயதில் வந்துவிடுகிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத விடுமுறை. கூட்டிப் பாருங்கள். இருபது வருஷ இல்லறத்தில் மனைவியோடு அவர் வாழ்ந்தது சுமார் 20 மாதம்! பிள்ளைக்கு முதல் பல் விழுந்ததும், முதல் நன்மை வாங்கினதும், தாயார் கண்ணை மூடினதும் அவர் காணாமலே நடந்தன. கைப்பேசியில் பிள்ளைக்குத் தகப்பன் முகம் தெரியும். தகப்பனின் கை தெரியாது. மனைவியோ கணவன் உயிரோடிருக்கும்போதே தனியாளாக வங்கிக்கும், பள்ளிக்கும், ஆஸ்பத்திரிக்கும் அலைகிறாள். வந்த பணத்தை ஊர் எண்ணுகிறது. போன வருஷங்களை எண்ணுகிறவர் யார்?

"அப்படியானால் இக்கரையே மேல்" என்று உடனே சொல்லிவிடவேண்டாம். பிடித்த மீனின் காசை மதுக்கடையில் போட்டுவிட்டு, இரவில் வீட்டுக்கு வந்து அடிக்கிறவனும் கரையில்தான் இருக்கிறான். அவன் வீட்டிலிருந்தும் வீட்டில் இல்லாதவன். மாதந்தோறும் தவறாமல் அனுப்பி, இரவுதோறும் பேசி, மகனுடைய மார்க்கையும் மகளுடைய மனக்குறையையும் விசாரிக்கிற தகப்பன், ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் அவனைவிட அருகில் இருக்கிறான். ஆகையால் குடும்பத்தின் நன்மை தூரத்தை மட்டும் பொறுத்ததல்ல. தகப்பன் தகப்பனாக இருக்கிறானா என்பதையும் பொறுத்தது. இருந்தாலும், நல்ல தகப்பன் அருகிலும் இருக்க முடியுமானால், அதைவிட மேலான செல்வம் பிள்ளைக்கு வேறில்லை.

அனுப்புகிறவர் யார்?

பாப்பானவர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட தொழில் பற்றிய நிருபத்தில், பிழைப்புக்காக நாட்டை விட்டுப் போகவும், பிறகு திரும்பி வரவும் மனிதனுக்கு உரிமை உண்டு என்று போதித்தார். பிரான்சிஸ் பாப்பானவர் 2023-ஆம் ஆண்டில் அதற்கு ஒரு படி மேலே போய், போவதோ இருப்பதோ மனிதனுடைய சுயாதீனத் தெரிவாக இருக்கவேண்டும் என்று வற்புறுத்தினார். நம் கேள்வியின் திறவுகோல் இங்கே இருக்கிறது. கரை பெரிதா, அக்கரை பெரிதா என்பதல்ல விஷயம். போகிறவன் தானாகப் போகிறானா, அல்லது தள்ளப்பட்டுப் போகிறானா? இதுவே விஷயம்.

நம் வீடுகளைப் பார்ப்போம். பையனைத் தள்ளுகிறது எது? கடல் என்கிறோம், அரசாங்கம் என்கிறோம். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் பல வீடுகளில் அவனைத் தள்ளுவது தங்கையின் சீதனம். வரதட்சிணையைத் தடுக்கும் சட்டம் வந்தது 1961-ல். அறுபது வருஷத்துக்கு மேலாகியும், இத்தனை பவுன், இத்தனை ரொக்கம் என்று பேசி முடிக்காமல் நம் கரையில் எத்தனை கலியாணம் நடக்கிறது? பிறகு அடுத்த வீட்டு மாடியைப் பார்த்துக் கட்டின மாடி. கடன் வாங்கி நடத்தின விருந்து. இவற்றுக்கெல்லாம் வட்டி கட்டுவதற்காக ஒருவன் தன் இளமையைப் பாலைவனத்துக் கடலில் கரைக்கிறான். கடனால் துரத்தப்பட்டு விமானம் ஏறுகிறவனைப் பார்த்து, "அவன் இஷ்டப்பட்டுப் போனான்" என்று நாம் சொல்வது நியாயமா?

போவதற்கே கடன் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ஏஜெண்டுக்கும் மற்றச் செலவுக்கும் 1,20,000 ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டிக்கு வாங்கினதாக வைத்துக்கொள்வோம். மாதம் 3,600 ரூபாய் வட்டி. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடியும்போது வட்டி மட்டும் 86,400 ரூபாய்! முதல் அப்படியே நிற்கும். ஆகவே திரும்பி வரவும் முடியாமல் மறுபடி இரண்டு வருஷம் கையெழுத்திடுகிறான். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் விதிகளோ, பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர ஒரு காசும் சேவைக் கட்டணமாக வாங்கக்கூடாது என்று வகுத்திருக்கின்றன. இது தெரியாததால் நம் பிள்ளைகள் எவ்வளவு இழந்திருக்கிறார்கள்!

என்ன செய்யலாம்?

போக நினைக்கிறவர்களுக்கு: கணவனும் மனைவியும் ஒருமனப்பட்டுத் தீர்மானியுங்கள். மாமனாரோ, தரகரோ, அயல்வீட்டாரோ தீர்மானிக்க விடவேண்டாம். பதிவு பெற்ற ஏஜெண்டா என்று விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, ஒரு பிரதியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விபத்து மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கிடைக்கும் பிரவாசி பாரதிய பீமா காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அயலகத் தமிழர் நல வாரியத்திலும் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

கரையில் இருக்கிறவர்களுக்கு: கடலுக்குப் போகிறவன் மிதவைச் சட்டை போடுவது கோழைத்தனமல்ல, குடும்பத்தின்மேல் வைத்த அன்பு. வானிலை எச்சரிக்கை வந்தபின் துணிந்து போவது வீரமல்ல. மீன் பட்ட நாளில் ஒரு பகுதியை எடுத்து வைத்தால், தடைக்காலத்தில் வியாபாரியின் வாசலுக்குப் போகவேண்டியதில்லை. பிள்ளை படித்து வேறு தொழிலுக்குப் போனாலும், அவன் ஒருமுறையாவது தகப்பனோடு கடலுக்குப் போய், தன்னை வளர்த்த சோறு எங்கிருந்து வந்தது என்று பார்க்கட்டும்.

நம் எல்லோருக்கும்: தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளை ஊர் கண்காணிக்கிறது; ஊர் கவனிக்கவேண்டும். அந்தப் பெண் யாரோடு பேசினாள் என்று வேவு பார்க்கிறவர்கள், இரவில் அவள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் துணை போகிறார்களா? திரும்பி வந்தவனிடம் "என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்கிறோம். "எப்படி இருக்கிறாய்?" என்று முதலில் கேட்போம். வெறுங்கையோடு வந்தவன் வெட்கப்பட்டு மறுபடி ஓடாதபடி, அவனுக்கு ஒரு வள்ளத்தில் இடம் கொடுப்போம். ஆடம்பரமில்லாத கலியாணத்தைக் கேலி செய்யாமல், அதற்கு முதல் மரியாதை செய்வோம்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் யாராவது புறப்பட இருந்தால், இந்த வாரம் இரவுச் செபமாலை முடிந்ததும் ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். எதற்காகப் போகிறார், எவ்வளவு சேர்ந்தால் போதும், எந்த வருஷம் திரும்புவார் என்று மூன்று வரி எழுதுங்கள். கணவனும் மனைவியும் கையெழுத்திட்டு, அதை மாதா சுரூபத்தின் கீழ் வையுங்கள். மூன்று வரியையும் தெளிவாக எழுத முடிந்தவர் சமாதானமாகப் போகலாம். சர்வேசுரன் அவரோடு போவார். எழுத முடியாதவர் இன்னும் கொஞ்சம் யோசிப்பது நல்லது. முதல் வரியில் "தங்கையின் சீதனம்" என்று எழுதவேண்டி வந்தால், பையனை அனுப்புவதைச் சற்றே நிறுத்திவைத்து, கலியாணம் பேசின இரு குடும்பங்களும் உட்கார்ந்து மறுபடி பேசட்டும்.